பணம் வந்த பிறகு யாரைக் கேட்பது?

முதல் பட்டதாரிச் சான்றிதழ் நம் ஊர்களில் இப்போது எல்லோருக்கும் தெரிந்த தாள். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெற்றதில்லை என்று விசாரித்து, வருவாய்த் துறை கையொப்பமிட்டுத் தருவது அது. தொழிற்கல்லூரிகளில் ஒற்றைச் சாளர முறையில் சேரும் முதல் தலைமுறை மாணவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010-இல் கொண்டுவந்ததிலிருந்து, ஜூன் மாதம் பிறந்தால் இ-சேவை மையங்களில் இதற்கு வரிசை நிற்கிறது. அந்தத் தாள் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இந்த மாணவருக்குக் கட்டணத்தில் கைகொடுக்க வேண்டும் என்பது ஒன்று. கல்லூரி என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள இவர் வீட்டில் ஆள் இல்லை என்பது மற்றொன்று. முதல் செய்திக்கு அரசு பணத்தால் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது செய்தியைத் தானே சான்றளித்துவிட்டு, தானே மறந்தும் விட்டது.

அந்த இரண்டாவது செய்திக்கு உரிய பதிலைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை. உதவித்தொகையில் படிக்கும் மாணவருக்கு, அதே வழியில் ஓரிரு ஆண்டு முன்னால் போன அண்ணனோ அக்காவோ வழிகாட்டியாக அமைவதால் உண்மையில் பயன் உண்டா? எந்த நிபந்தனைகளில் உண்டு? அந்த அண்ணனும் அக்காவும் அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள்?

படவேட்டிலிருந்து பார்த்தால்

இந்தக் கேள்வியைச் சென்னையில் உட்கார்ந்து கேட்பதும் திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேட்டில் நின்று கேட்பதும் ஒன்றல்ல. படவேடு ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சம்புவராயர்கள் தலைநகராக வைத்திருந்த ஊர். இன்று ரேணுகாம்பாள் கோயிலுக்காகவும் வாழைத் தோட்டங்களுக்காகவும் செண்பகத்தோப்பு அணைக்காகவும் வெளியூர்க்காரர்கள் அறிந்த ஊர். பக்கத்தில் ஆரணி. அதன் பட்டுச் சேலை 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆரணியைச் சுற்றிய ஊர்களில் தறி ஓடும் வீடுகளும், நெல்லும் வாழையும் நம்பிய வீடுகளும், கூலி வேலையை நம்பிய வீடுகளும் கலந்திருக்கின்றன.

இந்த வீடுகளின் பிள்ளைகள் போகும் கல்லூரிகள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. செய்யாற்றிலும் திருவண்ணாமலையிலும் அரசு கலைக் கல்லூரிகள். இந்தப் பகுதியின் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு 2002-இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வேலூருக்கு அருகே சேர்க்காட்டில் இருக்கிறது. படவேட்டுப் பிள்ளை காலையில் சந்தவாசல் வந்து, வேலூர்ப் பக்கமோ போளூர், திருவண்ணாமலைப் பக்கமோ பஸ் பிடிக்க வேண்டும். ஆரணிக்குப் போகிறவருக்கு வேறு தடம். வகுப்பு முடிந்ததும் ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் ஹாஸ்டல் மாணவர் அல்லர், டே ஸ்காலர். மாணவர் வழிகாட்டல் பற்றிப் பேசுகிற பலரும் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் மாணவரை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். இங்கே நிலைமை வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நெசவு வீட்டுக்கு இன்னும் சில தனிச் சிக்கல்கள் உண்டு. கூலி சேலைக் கணக்கில் வருவது. சம்பளச் சீட்டு கிடையாது. ஆகவே வருமானச் சான்றுக்கு கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையை நம்ப வேண்டும். தீபாவளிக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் முன்னால் தறியில் ஆள் தேவை கூடும். தார் சுற்றவும் பாவு பிடிக்கவும் வீட்டுப் பிள்ளைகளின் கை வேண்டியிருக்கும். முதல் செமஸ்டர் தேர்வும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டியே வருகிறது. இதைக் கல்லூரி நாட்காட்டி அறியாது. அதே ஊரிலிருந்து போன ஆண்டு படித்தவர் அறிவார்.

பணம் எங்கே நின்றுபோகிறது

தமிழ்நாட்டில் உதவித்தொகைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளிலும் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு கிடைத்தது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது. தொழில்நுட்பக் கல்வியில் சேரும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் வரை, அங்கீகரிக்கப்பட்ட ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் படிக்க ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தருவதற்குத் தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் இடமுண்டு. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4. வாசலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதில் நாம் தேறிவிட்டோம் என்பதற்கு இது சாட்சி. உள்ளே வந்தவர் நின்று முடிப்பதுதான் அடுத்த பாடம்.

உதவித்தொகை நின்றுபோகும் இடங்களைப் பார்த்தால், பலவும் சிறு விஷயங்கள். ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், மாற்றுச் சான்றிதழில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கும், ஆனால் பணம் போய்ச் சேர வேண்டிய கணக்காக வேறொன்று பதிவாகியிருக்கும். பள்ளியில் தந்த எமிஸ் எண்ணும் கல்லூரியின் யூமிஸ் பதிவும் பொருந்தாது. புதுப்பிக்கும் தேதி தெரியாமல் கடந்துபோகும். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையைப் புதுப்பிக்க ஆண்டுத் தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். தறி வேலைக்கென்று பத்து நாள் வீட்டில் நின்றவருக்கு அந்த 75 என்ற எண் எப்போது தெரியவருகிறது? பெரும்பாலும் அட்டெண்டன்ஸ் குறைந்த பிறகு.

இவற்றுக்கு அப்பால் மொழி இருக்கிறது. தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்தவர் முதல் நாளே ஆங்கிலப் பாடப் புத்தகத்தைத் திறக்கிறார். எந்தத் தாளில் அரியர் விழும், எந்த ஆசிரியரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம், இன்டர்னல் மதிப்பெண் எப்படிக் கணக்காகிறது என்பவை எந்த அரசாணையிலும் கிடையாது. படித்த வீட்டுப் பிள்ளைக்கு இவையெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே வந்து சேர்கின்றன. மற்றவர்களுக்கு சீனியர் மட்டுமே வழி.

சீனியர் என்றாலே பயந்த காலம்

சீனியரை வழிகாட்டியாக்குவோம் என்று சொன்னால் தமிழ்நாட்டுப் பெற்றோர் முகம் சுளிப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். மாநிலமே அதிர்ந்தது. 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு 2007-இல் அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் ராகிங் ஒழிப்பு விதிமுறைகளை வெளியிட்டது.

அந்த விதிமுறைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஆண்டு முடிவில் வழிகாட்டிப் பிரிவு ஒன்றை அமைக்க வேண்டும். தாமாக முன்வரும் மாணவர்கள் அடுத்த ஆண்டு வரும் புதியவர்களுக்கு வழிகாட்டிகளாக வேண்டும். 6 புதியவருக்கு ஒரு வழிகாட்டி. அப்படிப்பட்ட 6 வழிகாட்டிகளுக்கு மேல் நிலையில் ஒருவர். ஆக, மாணவர் மாணவருக்கு வழிகாட்டுவது இந்த நாட்டில் யாரோ விரும்பிச் செய்யும் நற்பணி அன்று. விதிமுறைப்படி செய்ய வேண்டிய வேலை. ஆனால் அது ஒழுங்கு நடவடிக்கையின் ஒரு கிளையாகப் பிறந்தது. ராகிங் தடுப்புக் குழுவின் தொலைபேசி எண்கள் கல்லூரி வாசல் பலகையில் இருக்கின்றன. வழிகாட்டியின் எண்ணை அப்படிப் பார்ப்பது அரிது. தொல்லை தரக்கூடாது என்ற பாதியை நிறைவேற்றினோம், துணை நிற்க வேண்டும் என்ற பாதியைக் காகிதத்தில் விட்டோம்.

பொறியியல் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ வகுத்த மூன்று வார அறிமுகப் பயிற்சியும், 2019-இல் மானியக் குழு தொடங்கிய தீக்ஷாரம்பும் புதியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஆசிரியரோடு பழகவைக்க முயல்பவை. நல்ல முயற்சிகளே. ஆனால் முதல் சில வாரங்களோடு அவை ஓய்ந்துவிடுகின்றன. சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகு.

ஏற்கெனவே நடந்தவை

பணத்தையும் துணையையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. 1910-இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் மாணவர்களுக்குக் கல்விக் கடனுதவி தந்தது. படித்து வேலைக்குப் போனவர் திருப்பிக் கட்டுவார், அந்தப் பணம் அடுத்த மாணவருக்குப் போகும். திருப்பிக் கட்டுகிறவரும் புதிதாக வாங்குகிறவரும் ஒரே சங்கத்தில் சந்தித்தார்கள் என்பதுதான் அதன் பலம். ஒரே சாதிக்குள் சந்தித்தார்கள் என்பது அதன் எல்லை.

சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்ற ஆதிதிராவிடர் நல விடுதிகள் வேறு வகை. அங்கே அறை பகிர்ந்த மூத்தவரே படிவம் நிரப்பவும் போட்டித் தேர்வுக்குப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். சங்கம் அமைப்பதும் உரிமை கேட்பதும் அப்படித்தான் கைமாறின. 2025 ஜூலையில் தமிழக அரசு இத்தகைய நலத்துறை விடுதிகளுக்கு ‘சமூகநீதி விடுதி’ என்று பெயரிட்டது. சுவரில் பெயர் மாறுவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கட்டடங்களுக்குள் வழிகாட்டல் நடந்துகொண்டிருந்தது, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல்.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு அகரம். நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கிய அறக்கட்டளை இது. 2010-இல் தொடங்கிய ‘விதை’ திட்டத்தில் தன்னார்வலர்கள் மாணவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். கல்லூரியில் இடம் வாங்கித் தருவதோடு நிறுத்தாமல் பயிற்சி முகாமும் வழிகாட்டியும் தருகிறார்கள். உதவி பெற்று முடித்தவர்கள் தன்னார்வலர்களாகத் திரும்பி வருகிறார்கள். கொடையாளருக்கும் பெறுபவருக்கும் நடுவே அண்ணன், அக்கா என்ற ஒரு படி இருப்பதுதான் இந்த முறையின் உயிர். ஆனால் எத்தனை வீடுகளுக்கு நேரில் போக முடியுமோ அத்தனை பேரைத்தான் ஓர் அறக்கட்டளை தாங்கும். அரசுத் திட்டத்தில் பணம் பெறுவோர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் 1981-இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல உதவித்தொகையும் அதற்குத் துணையான ‘பேர்சரி’யும் உண்டு. அங்கே மாணவர் நடத்தும் ‘குப்பி’ வகுப்பு பேர்பெற்றது. பரீட்சைக்கு முன்னால் பாடம் தெரிந்த மாணவர் ஒருவர் மற்றவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். நிர்வாகத்துக்கு அதில் பங்கில்லை. அதே வளாகங்களில் பகிடிவதை எனப்படும் ராகிங்கும் வேர்விட்டிருந்தது, 1998-இல் அங்கும் தடைச் சட்டம் வந்தது. மூத்தவரின் கையிலேயே உதவியும் அதிகாரமும் சேர்ந்திருப்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று.

ஆய்வுகள் சொல்வது

உதவித்தொகை மட்டும் தந்தால் போதுமா என்று இங்கிலாந்து பார்த்தது. 2006-க்குப் பின் கட்டணத்தை உயர்த்திய பல்கலைக்கழகங்கள் ஏழை மாணவருக்குக் கட்டாயமாக நிதியுதவி தந்தன. அந்த நிதியுதவி மாணவர் படிப்பைத் தொடர்வதில் அளவிடக்கூடிய மாற்றம் எதையும் செய்ததாகத் தெரியவில்லை என்று அங்குள்ள நியாயமான வாய்ப்புக்கான அலுவலகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது.

துணை மட்டும் தந்தால்? இதற்கு நேரான பதில் கனடாவில் கிடைத்தது. ஆங்கிரிஸ்ட், லாங், ஓரியோபோலஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 250 பேருக்கு மூத்த மாணவரின் ஆலோசனையும் கூட்டுப் படிப்பும். வேறு 250 பேருக்கு நல்ல மதிப்பெண் எடுத்தால் பணம். 150 பேருக்கு இரண்டும். 2009-இல் முடிவுகள் வெளியாயின. ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. இரண்டும் பெற்ற பெண்கள் தெளிவாக முன்னேறினார்கள், இரண்டாம் ஆண்டிலும் அந்த முன்னேற்றம் தொடர்ந்தது. ஆண்களிடம் மாற்றமே இல்லை. பெண்கள் அந்த உதவியை அதிகம் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதும் தெரிந்தது.

கனடாவிலேயே 2018-இல் வெளியான மற்றொரு ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. வாரந்தோறும் நேரில் சந்தித்துப் பேசிய மூத்த மாணவரால் புதியவரின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 5 புள்ளி உயர்ந்தது. அதே அறிவுரையை குறுஞ்செய்தியாகவும் இணையப் பயிற்சியாகவும் அனுப்பியபோது பயனே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் வாட்ஸ்ஆப் குழு தொடங்கிவிட்டு ஓய்ந்துவிடும் நாம் இதைப் படித்து நிதானிக்க வேண்டும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கிய ‘அசாப்’ திட்டம் இவற்றையெல்லாம் ஒன்றாக்கியது. கட்டணத்தில் விடுபட்ட தொகை, புத்தகம், மாதப் பயண அட்டை, குறைந்த மாணவரையே கவனிக்கும் ஆலோசகர். ஆலோசகரைச் சந்தித்தால்தான் பயண அட்டை. மூன்று ஆண்டில் படிப்பை முடித்தவர்கள் வழக்கமான குழுவில் 22 விழுக்காடு, இந்தத் திட்டத்தில் 40. ஆலோசகர் இங்கே மாணவர் அல்லர், சம்பளம் வாங்கும் ஊழியர். ஆனாலும் பணமும் சந்திப்பும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன என்பதுதான் பாடம்.

இவை நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தேறுகிறது. பணம் தனியாக அதிகம் சாதிப்பதில்லை, துணை தனியாக வந்தால் பலன் நிச்சயமில்லை. இரண்டும் சேர வேண்டும். சந்திப்பு நேரில் நடக்க வேண்டும், விடாமல் நடக்க வேண்டும். வருவதும் வராததும் மாணவர் விருப்பம் என்று விட்டால், துணை அதிகம் தேவைப்படுபவரே கடைசியாக வருவார்.

மறுப்புகள்

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மூன்று வலுவானவை. வழிகாட்டியும் ஏழை மாணவர்தான் என்பது முதலாவது. அவருக்கும் பகுதிநேர வேலையும் அரியரும் இருக்கும். ஆறு தம்பி தங்கைகளின் சிக்கலை இலவசமாகச் சுமக்கச் சொல்வது, அரசு செய்ய வேண்டிய வேலையை ஏழைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதாகும். ‘சமூகத்துக்குத் திருப்பித் தருவது’ என்ற அழகிய பேச்சு இந்தச் சுமையை மறைத்துவிடுகிறது. பணம் கொடுத்துப் படிப்பவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இரண்டாவது, எல்லை தெரியாத உதவியின் ஆபத்து. வீட்டில் அடி, காதல் சிக்கல், சாதி இழிவு, தற்கொலை எண்ணம் இவையெல்லாம் 20 வயது மாணவர் தீர்த்துவைக்கும் காரியங்கள் அல்ல. கேட்டுக்கொண்டு, உரியவரிடம் உடனே சேர்ப்பதே அவர் வேலை. அந்த உரியவர் யார் என்று கல்லூரி முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது, பெண் பிள்ளையின் கைபேசி எண் ஒரு சீனியர் பையனிடம் போவதை இங்கே எந்த வீடும் ஏற்காது. சாதி பார்த்துச் சேரும் பழக்கமும் விட்டபாடில்லை. இஷ்டப்படி சேர விட்டால் குழுக்கள் தெரு வாரியாகப் பிரிந்து நிற்கும். இந்த மூன்றும் வழிகாட்டலைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. அதை எப்படி வடிவமைக்க வேண்டும் என்பதற்கான குறிப்புகள்.

துறை வாரியாக அல்ல, தட வாரியாக

டே ஸ்காலர் மாணவருக்குக் கல்லூரிக்குள் ஓய்வு நேரமே குறைவு. ஆகவே குழுவைத் துறை வாரியாகப் பிரிப்பதைவிட பஸ் தட வாரியாகப் பிரிப்பதே படவேடு போன்ற ஊர்களுக்குப் பொருந்தும். சந்தவாசல் வழியாகப் போகிற புதியவர் ஆறு பேருக்கு அதே தடத்தில் போகும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர். அவர்கள் ஒரே கல்லூரியில் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. வருமானச் சான்று, வங்கி இணைப்பு, யூமிஸ் பதிவு, புதுப்பிக்கும் தேதி, அட்டெண்டன்ஸ் கணக்கு ஆகியவை எல்லாக் கல்லூரிக்கும் பொது. பாடத்துக்கு மட்டும் துறைச் சீனியரைத் தேடினால் போதும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவிகள் சேர்ந்தே பயணம் செய்கிறார்கள். மாணவியர் குழுவுக்கு அக்காக்களே வழிகாட்டிகளாக இருக்கலாம். பெயர்ப் பட்டியலை விருப்பத்துக்கு விடாமல் கல்லூரியோ வட்டார அலுவலகமோ போட்டால், தெருக்கள் தானாகக் கலக்கும்.

அக்காக்கள் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. 2022-இல் புதுமைப் பெண் தொகையோடு கல்லூரியில் நுழைந்து மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள் 2025-இல் பட்டம் பெற்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு, மூன்று அணிகள் வந்துகொண்டிருக்கின்றன. படிவத்தில் எங்கே தடுக்கும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்ட ஒருத்தி இன்று ஏறத்தாழ எல்லா ஊரிலும் இருப்பாள். தமிழ்ப் புதல்வன் தொகையோடு 2024-இல் சேர்ந்த தம்பிகளும் இப்போது அண்ணன்மார் ஆகிவிட்டார்கள்.

அவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். மாதம் 500 ரூபாய் என்று வைத்து 10 மாதத்துக்குத் தந்தால் ஒரு வழிகாட்டிக்கு 5,000 ரூபாய். ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஒரு புதியவருக்கு ஏறத்தாழ 833 ரூபாய். மாதம் 1,000 வீதம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் திட்டத்தில் இது 7 விழுக்காடுகூட ஆகாது. கொடுக்கிற பணம் வீணாகாமல் இருக்க இந்தச் செலவு அதிகமில்லை. சம்பளத்தோடு நான்கு நாள் பயிற்சியும், சிக்கலை ஒப்படைக்க ஓர் ஆசிரியரின் பெயரும், அவருக்கு மேலே ஒரு மனநல ஆலோசகரின் பெயரும் கையில் இருக்க வேண்டும். மாதம் இரண்டு சந்திப்பு நேரில் நடக்க வேண்டும். அதில் ஒன்று செமஸ்டர் முடிவு வந்த வாரத்தில் கட்டாயம் நடக்க வேண்டும். முதல் அரியர் வந்ததும் ‘நமக்கு இது சரிப்படாது’ என்று திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் பஸ் ஏறும் பையனைப் பிடித்து நிறுத்தும் வாரம் அது. கனடா ஆய்வில் ஆண்களிடம் பலன் காணாமல் போனதை நினைத்தால், தம்பிகள் விஷயத்தில் வழிகாட்டிதான் தேடிப் போக வேண்டியிருக்கும். அவர்கள் வருவார்கள் என்று காத்திருக்க முடியாது.

புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு 2009 முதல் விதிமுறையில் இருக்கிறது. உதவித்தொகைத் திட்ட ஆணைகளில் வழிகாட்டிக்கான தொகையை ஒரு வரியாகச் சேர்த்தால் இரண்டும் இணைந்துவிடும். அளக்கும் முறையையும் அத்தோடு மாற்ற வேண்டும். எத்தனை கணக்குகளில் பணம் வரவாயிற்று என்பதை மட்டும் அறிக்கையில் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஜூலையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த ஜூலையில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருக்கிறார்கள் என்பதை, ஊர் வாரியாக, தட வாரியாக எண்ண வேண்டும். படவேட்டுத் தடத்துக்கு அப்படி ஓர் எண் கிடைத்தால், கொடுத்த பணம் எங்கே பலித்தது, எங்கே துணையின்றி நின்றது என்று திட்டத்தை வகுத்தவருக்கும் தெரியும், வரி கட்டியவருக்கும் தெரியும்.